பழைய டிரக்கின் இழுவையைக் கூட்ட எதில் கை வைப்பது?

அமெரிக்காவில் பழைய டிரக் எஞ்சினைத் தட்டியெழுப்ப நினைப்பவர்களுக்குப் பிடித்த வண்டி, 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம். அதிலிருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல்: ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, டீசலை அளந்து விடுவதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. எல்லாம் ஸ்பானருக்கு அடங்கும்.

செலவே இல்லாத வழி பம்ப்பில் இருக்கிறது. பாஷ் பி7100 பம்ப்பின் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னதாய் ஓர் இரும்புத் தகடு. எவ்வளவு டீசல் போகலாம் என்பதற்கு அதுதான் எல்லைக்கோடு. போல்ட்டைத் தளர்த்தி அதை முன்னால் தள்ளினால் வண்டி சீறும், கூடவே கரும்புகையும் கக்கும். அந்தப் புகை, எரியாமல் போன உங்கள் டீசல். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைப்பது அங்கே சட்டவிரோதமும்கூட.

புகையைவிடப் பெரிய வம்பு சூடு. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு சுமார் 675 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கக் கூடாது என்பது பட்டறைக் கணக்கு. மீறினால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து. காலி வண்டியில் வெப்பமானி முள் ஏறும், உடனே இறங்கும். டிரெய்லரை மாட்டிக்கொண்டு கொலராடோவில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வரை, 3,400 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் பாருங்கள்: காற்று மெலியும், முள் மேலேயே நிற்கும். ஆகவே முதல் செலவு வெப்பமானிக்குத்தான்.

பெரிய நாசில் போடுவதும் தகட்டை நகர்த்துவதும் ஒரே ஜாதி; இரண்டும் டீசலைத்தான் கூட்டும். சுமை இழுப்பவர் காற்றைக் கூட்ட வேண்டும். அதற்காக ரொம்பப் பெரிய டர்போ வேண்டாம், அது சுழன்று வேகம் பிடிப்பதற்குள் மேடு பாதி முடிந்துவிடும். ஒரு சைஸ் பெரிதே போதும். டீசல் தெளிக்கும் டைமிங்கை முன்னுக்கு வைத்தால் எக்ஸாஸ்ட் சூடு குறையும், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அளவு தாண்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். 1996 முதல் கம்பெனியே மேனுவலுக்கு 215 குதிரைத்திறன் கொடுத்து, ஆட்டோமேட்டிக்கை 180இல் நிறுத்தியது. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் எஞ்சினைத் தொடுமுன் கியர்பாக்ஸைப் பலப்படுத்தட்டும். மேனுவல்காரருக்கு அடுத்து தேய்வது கிளட்ச்.

எதைத் தேர்ந்தாலும், முன்பக்க கியர் கேஸிலுள்ள சின்ன டவல் பின்னை முதலில் பாருங்கள். அது கழன்று டைமிங் கியருக்குள் விழுந்து பல எஞ்சின்கள் நாசமாகியிருக்கின்றன. போல்ட்டோடு ஒரு பட்டியைச் சேர்த்து முடுக்கினால் அது வெளியே வராது.