நோய் வருமுன் அட்டை, பணம் கட்டுமுன் கேள்வி!

தங்கச்சி, நம்ம ஜெயங்கொண்டம் பக்கம் "மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்டுப் பார். "எப்பவோ எடுத்தோம், பெட்டியில எங்கயோ கிடக்கும்" என்பார்கள். இல்லாவிட்டால் "தேவைப்படும்போது எடுத்துக்கலாம்" என்பார்கள். இரண்டு பதிலும் எனக்குக் கவலை தருகிறது. தறியிலும் முந்திரித் தோப்பிலும் கிடைக்கிற வருமானத்தில் ஒரு இதய ஆபரேஷன் செலவைத் தாங்கும் குடும்பம் எத்தனை? தோடு அடகுக்குப் போகும், நிலம் ஒத்திக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் அரசு வருமான வரம்புக்குள் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி வைத்திருக்கிறது. அதை எப்படிப் பெறுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இந்த வாரமே செய்துவிடு.

மத்திய அரசா, மாநில அரசா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாடு அதைத் தன் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. அதனால் நம் மாநிலத்தில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. "எங்களுக்கு மோடி அட்டை வேணுமா, முதலமைச்சர் அட்டை வேணுமா?" என்று அலைய வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் நமக்கு வாசல்.

இதற்கான பிரீமியத்தை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. உன் கையிலிருந்து ஒரு பைசாவும் போகாது. ஏற்கெனவே சர்க்கரை, இதயக் கோளாறு இருந்தாலும் தனியார் பாலிசி போல "இரண்டு வருஷம் பொறுங்கள்" என்று சொல்ல மாட்டார்கள்.

உனக்கு உண்டா என்று பார்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000 ரூபாய். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. அப்போது "உங்களுக்கு வராது" என்று திருப்பி அனுப்பப்பட்ட பல குடும்பங்களுக்கு இப்போது வரும். பழைய பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதே. மறுபடி போய்க் கேள்.

முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பதிவு பெற்ற இல்லங்களில் வளரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் அப்படித்தான். உன் அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் நீயே சொல்லி அனுப்பு.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர். பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது, திருமணம் ஆவது, 25 வயது நிறைவது ஆகியவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உண்டு. ஆனால் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். நம் பெண்கள் சறுக்குகிற இடம் இதுதான். கல்யாணமாகி உடையார்பாளையம் போன பெண்ணின் பெயர் அம்மா வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடக்கும், புகுந்த வீட்டுக் கார்டில் இருக்காது. அவசரம் வரும்போது இரண்டு வீட்டு அட்டையும் உதவாது. நீக்கல் சான்று வாங்கிப் புகுந்த வீட்டுக் கார்டில் பெயரைச் சேர்த்த பிறகுதான் காப்பீட்டுக்கே போக வேண்டும். குழந்தை பிறந்தால் பெயர் வைத்த கையோடு ரேஷன் கார்டிலும் சேர்த்துவிடு.

தாள்களைத் தயார் செய்

மூன்று தாள் போதும்: குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார் அட்டை, வருமானச் சான்று. மூன்றுக்கும் மூலமும் வேண்டும், நகலும் வேண்டும்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக விசாரணை முடிந்து சான்று வரும். நம் வட்டத்துக்குப் பெயர் உடையார்பாளையம் என்றாலும் வட்டாட்சியர் அலுவலகம் ஜெயங்கொண்டத்திலேயே இருக்கிறது. ஆகையால் ஏதாவது தேங்கினால் நேரில் கேட்பது சிரமமில்லை. சான்றில் இருக்கும் தொகை 1,20,000-க்குள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடு.

அடுத்தது பெயர். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொரு இனிஷியல், பிறந்த வருஷத்தில் ஒரு வித்தியாசம்: நம் வீடுகளில் இது சகஜம். கவுன்ட்டரில் போய் நின்ற பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு நாள் கூலி வீண். புறப்படுவதற்கு முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் இருந்தால் முதலில் திருத்தம், பிறகு பதிவு.

ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைக்கும் அக்காமார்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி பொத்துப்போய் ரேகை எந்திரத்தில் விழாது. வயதானவர்களுக்கும் இப்படித்தான். ஆதாரில் செல்போன் எண்ணைச் சேர்த்துவைத்தால் ஓடிபி வழியாகவும் பல இடங்களில் சரிபார்க்க முடியும். ரேகை விழவே இல்லையென்றால் ஆதார் மையத்துக்குப் போய் ரேகையையும் கண் படத்தையும் புதுப்பித்துக்கொள்ளச் சொல்.

எங்கே போய்ப் பதிவது?

அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் அரியலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்கள் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். அங்கே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனி மையம் இருக்கிறது. முடிந்தவரை குடும்பமாகப் போங்கள். புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். முகாம்களையும் விடாதே. 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' மருத்துவ முகாம்களிலும் இந்த அட்டைக்கான பதிவு நடந்தது. நம் ஊரில் எந்த முகாம் என்றாலும் "காப்பீட்டுப் பதிவு உண்டா?" என்று கேட்டுவிட்டுத் தாள்களோடு போ.

ஏற்கெனவே அட்டை எடுத்திருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று பார். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண்ணில் கூப்பிட்டுக் குடும்ப அட்டை எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். திட்டத்தின் இணையதளத்திலும் குடும்ப அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம். அட்டை தொலைந்திருந்தால் பதறாதே. பதிவு இருந்தால் மின் அட்டையை அச்செடுத்துக்கொள்ளலாம். பதிவு எண்ணை உன் போனிலும் உன் வீட்டுக்காரர் போனிலும் சேமித்து வை. அவசரத்தில் பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

70 வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால்

70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டையைப் பிரதமர் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிவைத்தார். ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருக்கும் குடும்பம் என்றால், அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் இன்னொரு 5 லட்சம் தனியாக உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களும் தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும்கூட இதில் சேரலாம்.

இதற்கு ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. நம் ஊர்ப் பாட்டிகள் பலருக்குக் குத்துமதிப்பாக ஒரு வருஷம் போட்டுத்தான் ஆதார் எடுத்திருப்பார்கள். அப்பாயி 75 தாண்டியிருப்பார், ஆதாரில் 66 என்று இருக்கும். அதை முதலில் சரிபார். பிறகு 14555 என்ற எண்ணில் கூப்பிட்டோ, ஆட்சியர் அலுவலக மையத்தில் கேட்டோ நம் பகுதியில் எங்கே பதிகிறார்கள், எந்த மருத்துவமனையில் செல்லும் என்று தெரிந்துகொண்டு அழைத்துப் போ. வயதானவர்களை இரண்டு தடவை அலையவிடாதே.

ஆஸ்பத்திரியில் நீ கேட்க வேண்டியவை

அட்டை எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஆஸ்பத்திரி வாசலில் நீ வாய் திறந்து கேட்பது.

"இந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா?" என்று கேட்டதோடு நிறுத்தாதே. "இந்த நோய்க்கு இருக்கிறதா?" என்று கேள். ஒரு தனியார் மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு மட்டும் சேர்ந்திருக்கும், இதயத்துக்குச் சேர்ந்திருக்காது. சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

சேரும்போதே, முன்பணம் கட்டுவதற்கு முன்னால், காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் அட்டையைக் காட்டு. அவர்கள் உன் தாள்களையும் பரிசோதனை முடிவுகளையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவார்கள். ஒப்புதல் வந்தபின் நடக்கும் சிகிச்சைக்குத்தான் திட்டம் பணம் தரும். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு போய்ப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். அவசர நிலை என்றால் "அவசர ஒப்புதல் கேளுங்கள்" என்று சொல், அதற்கும் வழி இருக்கிறது.

ஒப்புதல் வந்துவிட்டால் படுக்கை, மருந்து, பரிசோதனை, அறுவைசிகிச்சை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். "ஸ்டென்ட்டுக்கு மட்டும் தனியா கொடுங்க" என்று யாராவது சொன்னால் "எழுதிக் கொடுங்கள், ரசீது கொடுங்கள்" என்று கேள். ரசீது தர மறுத்தால் அங்கிருந்தே 1800 425 3993-க்குப் பேசு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென்றே கண்காணிப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே, அங்கே எதுக்கு அட்டை?" என்று பலர் கேட்கிறார்கள். அங்கேயும் காட்டு. ஸ்டென்ட், செயற்கை மூட்டு, காது கேட்க வைக்கும் கருவி போன்ற விலை கூடிய சாமான்களுக்குக் காப்பீட்டுப் பணம்தான் கைகொடுக்கிறது. உன் சிகிச்சைக்காக வரும் தொகை அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே சேரும், அங்கே கருவிகள் வாங்க உதவும். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். எடுத்த எடுப்பில் தனியாருக்கு ஓடாதே.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

பைபாஸ், ஆஞ்சியோபிளாஸ்டி, டயாலிசிஸ், புற்றுநோய்க்கான கீமோவும் கதிர்வீச்சும், மூட்டு மாற்று, நரம்பு மற்றும் எலும்பு அறுவைசிகிச்சைகள் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் இருக்கின்றன. ஈரல், சிறுநீரக மாற்று போன்ற பெரிய அறுவைசிகிச்சைகளுக்கு 5 லட்சம் போதாதபோது உதவ அரசிடம் தனித் தொகுப்பு நிதியும் உண்டு.

சளி, காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் ஃபீஸ், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, அழகு சிகிச்சை ஆகியவற்றுக்குக் கிடைக்காது. மாத்திரைக்கு வேறு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் போதும்.

சாலை விபத்துக்கு இந்த அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும். சிமென்ட் லாரிகள் ஓடும் நம் மாவட்டத்தில் இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடு, பணத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காதே.

ஏமாந்துவிடாதே

* பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "ஐந்நூறு கொடுங்க, வீட்டுக்கே அட்டை வரும்" என்பவரை வாசலோடு அனுப்பு.
* காப்பீட்டு ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்டால் சொல்லாதே.
* ஆபரேஷன் தேவையில்லாதபோது "அட்டை இருக்கே, பண்ணிடலாம்" என்று அவசரப்படுத்தினால், அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடு. 5 லட்சம் என்பது ஆண்டுக்கு, குடும்பம் முழுவதுக்கும் சேர்த்து. ஒருவருக்கு வீணாகச் செலவானால் இன்னொருவருக்குக் குறையும்.
* டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரே ஃபைலில் வை. அடுத்த முறை ஒப்புதல் சீக்கிரம் வர அவைதான் உதவும்.

தங்கச்சி, நோய் வந்து படுத்த பிறகு வருமானச் சான்றுக்கு வரிசையில் நிற்பது யாராலும் முடியாது. நல்லா இருக்கிற நாளில் செய்தால் இது ஒரு சாதாரண வேலை. இன்றைக்கே ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பார். அப்படியே தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமும் கேள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கூடவே போய்ப் பதிந்து கொடு. இந்தக் காப்பீடு அரசு தரும் தானமல்ல. நாம் கட்டும் வரியிலிருந்து வரும் நம் உரிமை.