பல் சொன்ன ஊர்

எலும்பையும் பல்லையும் ஆராய்ந்து, இறந்தவர் யார் என அறியும் கல்வி தடயவியல் மானிடவியல் ஆகும். இதற்கு அடிப்படையான மானிடவியலில் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டிலேயே முதுகலை வகுப்பைத் தொடங்கியது.

2014ஆம் ஆண்டு, பஞ்சாபிலுள்ள அஜ்னாலாவில் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து மனித எலும்புகள் பல தோண்டி எடுக்கப்பட்டன. அவர்கள் எவ்வூரார்? குழந்தைப் பருவத்தில் பருகிய நீரின் தடம் பல்லில் பதிந்து என்றும் மாறாதிருக்கும். பல்லையும் மரபணுவையும் ஆராய்ந்த அறிஞர்கள், அவர்கள் கங்கைச் சமவெளியினர் என்று 2022இல் அறிவித்தனர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கொல்லப்பட்ட வங்காளக் காலாட்படையினர் என்னும் வரலாற்றுக் குறிப்புடன் இம்முடிவு பொருந்தியது. பெயர் அறியாவிடினும், அவர்தம் மண் எதுவெனத் தெரிந்தது.

சிந்தித்து எழுதுக: உங்கள் பெற்றோரின் பற்களில் எவ்வூர் நீரின் தடம் இருக்கும்? உங்கள் பற்களில்?