சந்தேகம் எழும்போது பிள்ளையைக் கேட்கும் முறை

தானியேல் ஆகமம் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாளின் சரித்திரத்தை வாசித்திருப்பீர்கள். பொய்ச்சாட்சி சொன்ன முதியோர் இருவரையும் வாலிபனான தானியேல் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் என்று வினவினார். மரத்தின் பெயரை அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு மரம் சொன்னார்கள், பொய் வெளிப்பட்டது. சிறுபிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததோ என்று சந்தேகிக்கும்போது நாம் மறப்பது இதைத்தான்.

"அந்த மாமா உன்னைத் தொட்டாரா?" என்று பதறிக் கேட்கிறோம். பிள்ளை நம் முகத்தைப் பார்த்து, நாம் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடக்கூடும். 1983-இல் கலிபோர்னியாவில் எழுந்த மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கில், பொம்மைகளைக் காட்டியும், மற்றப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்களென்று தூண்டியும் நூற்றுக்கணக்கான குழந்தைகளை விசாரித்தார்கள். 1990-இல் ஒருவருக்கும் தண்டனையின்றி வழக்கு முடிந்தது. உண்மை எதுவென்று பிரித்தறியவே வழியில்லாமற் போயிற்று.

பின்னர் மைக்கேல் லாம் என்னும் உளநூல் அறிஞரும் அவர் தோழர்களும் ஒரு விசாரணை முறையை வகுத்தனர். முதலில், "தெரியாவிட்டால் தெரியாதென்று சொல், நான் தவறினால் திருத்து" என்று பிள்ளைக்கு அனுமதி தருகிறார்கள். அடுத்து, பண்டிகை நாள் போன்ற சாதாரண நிகழ்ச்சி ஒன்றை விவரிக்கச் செய்து பழக்குகிறார்கள். அதன் பிறகே நடந்ததைச் சொல்லச் சொல்வது. "அப்புறம்?" என்பதே பெரும்பாலும் கேள்வி. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன.

இது பயிற்சி பெற்றோர் வேலை. பெற்றோரும் உபதேசியாரும் வீட்டில் நீதிமன்றம் கூட்ட வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னதை அதன் சொந்த வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் போலீசுக்கு அறிவித்தே தீரவேண்டும். 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடையின்றி வந்து பதிவு செய்யவேண்டுமென்பது சட்டம். பிள்ளை நம்பும் ஒருவர் உடனிருக்கலாம்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் கோயிற்பிள்ளையானாலும் குருவானாலும் இதுவே விதி. கோயிலின் மானம் என்று சிலர் பேசுவதுண்டு. பிள்ளையின் வாயை அடைத்துக் காக்கும் மானம் கோயிலுக்கு வேண்டாம். இத்தகைய புகாரைத் திருச்சபை அதிகாரிக்கு அறிவிக்கும்படி பாப்பரசர் பிரான்சிஸ் 2019-இல் குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டளையிட்டார். அது போலீசுக்கு அறிவிப்பதற்கு ஈடாகாது.

பாவசங்கீர்த்தனத்தில் பிள்ளை இதைச் சொன்னால், குரு அந்த முத்திரையை உடைக்க இயலாது. அது பிள்ளையின் பாவமன்று என்று தெளிவாகச் சொல்லி, வெளியே தாயிடமோ ஆசிரியையிடமோ அன்றே சொல்லும்படி அவர் தைரியப்படுத்துவார். ஆதலால் பிள்ளை உங்களைத் தேடி வரும்போது, அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள்.