சேவலை விற்பதற்கு முன் சற்று யோசியுங்கள்

புறக்கடையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள் வளர்க்கும் வீடுகளில், கைக்குப் பணம் தேவைப்பட்டால் முதலில் சந்தைக்குப் போவது சேவல்தான். முட்டை இடுவது பெட்டை. சேவல் தின்று திரிகிறது, கூவுகிறது, அவ்வளவுதானே என்பது பலருடைய கணக்கு. ஆடி மாதத்தில் கோயில் பொங்கலுக்கும் கிடாவெட்டுக்கும் ஆள் தேடி வந்து நல்ல விலை சொல்லும்போது அந்தக் கணக்கு இன்னும் சரியாகத் தோன்றும். ஆனால் சேவல் இல்லாத கோழிக் கூட்டம் எதை இழக்கிறது என்பது விற்ற அன்று தெரிவதில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்தே தெரிய வருகிறது.

எங்கள் அத்தை வீட்டில் ஓர் ஆண்டு இது நடந்தது. ஒன்பது பெட்டைகள், இரண்டு சேவல்கள். ஆடியில் இரண்டு சேவல்களையும் விற்றுவிட்டார்கள். இளஞ்சேவல் ஒன்று வளர்ந்து வருகிறது, அது போதும் என்ற எண்ணம். அதையும் கீரி பிடித்துவிட்டது. அப்போது ஒரு தாய்க்கோழியுடன் 14 குஞ்சுகள் இருந்தன. ஒரு மாதத்தில் 5 மிஞ்சின. ஆவணிக் கடைசியில் இரண்டு கோழிகளை 23 முட்டைகளில் அடை வைத்தார்கள். இருபத்தொரு நாள் காத்திருந்து பார்த்தால் அத்தனையும் கூமுட்டை. சேவலுக்குக் கிடைத்த பணம் அப்போது செலவாகி முடிந்திருந்தது.

குஞ்சுகள் போனதற்கெல்லாம் சேவல் இல்லாததே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே மாதத்தில்தான் கொல்லைப்புற வேலியை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

சேவலின் குரல்

சேவல் காவல் காக்கிறது என்றதும் அது பருந்துடன் சண்டை போட்டு விரட்டும் என்று பலர் நினைக்கின்றனர். சில சேவல்கள் அவ்வாறு செய்வதும் உண்டு. தரையில் இறங்கிய காக்கையையும் வல்லூறையும் காலால் அடித்து விரட்டிய சேவல்களை நாட்டுப்புறத்தில் பார்க்கலாம். எனினும் சேவலின் உண்மையான பயன் சண்டையில் இல்லை. முன்கூட்டியே பார்த்துக் குரல் கொடுப்பதில்தான் இருக்கிறது.

பெட்டைகள் தலை குனிந்து மேயும்போது சேவலைக் கவனியுங்கள். அது இரண்டு கொத்து கொத்தும், தலையை நிமிர்த்தும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். கூட்டம் நகரும்போது பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும். பகலில் பாதி நேரம் அதற்கு இதுவே வேலை.

ஆபத்தைக் கண்டால் சேவல் ஒரே மாதிரிக் கத்துவதில்லை. பருந்தோ வல்லூறோ வானத்தில் தெரிந்தால் மெலிந்து நீண்ட ஒரு கிறீச்சொலி வரும். அதைக் கேட்டதும் பெட்டைகள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அருகிலுள்ள செடிக்கோ திண்ணைக்கோ ஓடி ஒளிகின்றன, அல்லது அப்படியே பதுங்குகின்றன. நாய், பூனை, கீரி, பாம்பு போன்றவை தரையில் வந்தால் ‘கெக் கெக் கெக்’ என்று விட்டுவிட்டு உரக்கக் கத்தும். அப்போது கோழிகள் கழுத்தை நீட்டி நின்று நாலாபுறமும் பார்க்கும். எந்தப் பக்கம் ஆபத்து என்று தெரியாமல் ஓடினால் அதன் வாயிலேயே போய் விழ நேரிடும் அல்லவா?

இதை நம் பாட்டிமார் அறிந்தே இருந்தார்கள். அடுப்படியில் இருந்தபடியே, “பருந்து வந்துட்டுது பாரு” என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார்கள். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகிய மூவர் இதையே சோதித்து 1993-ல் வெளியிட்டனர். கூண்டுக்கு மேலே ஒரு திரையில் பருந்து பறப்பது போன்ற படத்தைக் காட்டியபோது சேவல் ஒருவிதக் குரலையும், தரை விலங்கின் படத்தைப் பக்கவாட்டில் காட்டியபோது வேறு குரலையும் கொடுத்தது. பிறகு அந்தக் குரல்களை மட்டும் பதிவு செய்து பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டினர். எதிரில் எதுவும் இல்லாமலே, முதல் குரலுக்குப் பெட்டைகள் ஒளிய ஓடின. இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தன.

மார்லரும் அவருடன் இருந்தவர்களும் 1986-லேயே இன்னொன்றையும் கண்டிருந்தனர். தனியாக அடைக்கப்பட்ட சேவல் பருந்தின் உருவத்தைக் கண்டாலும் அதிகம் குரல் கொடுப்பதில்லை. பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் குரல் அதிகம் எழுகிறது. ஆக, அது வெறும் பயத்தில் போடும் கூச்சல் அல்ல.

குஞ்சுகளுடன் திரியும் தாய்க்கோழியும் குரல் கொடுக்கும், பாய்ந்து சண்டையும் போடும். குஞ்சுகளைப் பொறுத்தவரை தாயே முதல் காவல், சேவல் இரண்டாவதுதான். ஆனால் தாய் தரையைக் கிளறிக் குஞ்சுகளுக்கு இரை காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வானத்தைப் பார்க்க இன்னொரு கண் இருப்பது பெரிய உதவி.

ஒளிய இடம் வேண்டும்

இப்போது அத்தை வீட்டு வேலிக்கு வருவோம். சேவல் எவ்வளவு நன்றாகக் குரல் கொடுத்தாலும், ஓடி ஒளிய இடம் இல்லாவிட்டால் கோழிகள் என்ன செய்யும்? மொட்டைக் களத்தில் சேவலின் குரலால் பாதிப் பயன்தான். கொல்லையைக் கண்ணாடிபோல் சுத்தமாக வைத்திருப்பது நமக்கு அழகு, கோழிக்கு ஆபத்து. கறிவேப்பிலை, செம்பருத்தி, நொச்சி போன்றவற்றை அங்கங்கே புதராக விட்டு வையுங்கள். செடி வளரும் வரை, நான்கு கல்லின்மேல் ஒரு பழைய தென்னந்தட்டியைப் படுக்கையாக வைத்தாலே போதும். வைக்கோல் போர் ஓரமும் வண்டி அடியும் நல்ல மறைவிடங்களே. எங்கு நின்றாலும் பத்துப் பதினைந்து அடிக்குள் ஒரு மறைவு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சேவலுக்கும் இதனால் தைரியம் வருகிறது. செடி மறைவில் நிற்கும் சேவல், வெட்டவெளியில் நிற்பதைவிட நீளமாகக் குரல் கொடுக்கிறது என்று 2010-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கூறுகிறது. நீளமாகக் கத்தினால் பருந்துக்குத் தான் நிற்கும் இடம் தெரிந்துவிடும் என்ற பயம் அதற்கும் உண்டு போலும்.

இரவில் சேவலை நம்பாதீர்கள்

இருட்டில் கோழி இனத்துக்குக் கண் சரியாகத் தெரியாது. சேவலும் அப்படியே. காட்டுப்பூனை, மரநாய், நரி, பெருச்சாளி ஆகியவை வரும் நேரத்தில் சேவலும் கூட்டிலே ஒடுங்கி நிற்கும் ஒரு கோழிதான். எனவே பொழுது சாய்வதற்குள் எல்லாக் கோழிகளையும் அடைத்துவிட வேண்டும். கூடு தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருப்பது நல்லது. விரல் நுழையும் அளவுக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. பஞ்சாரத்தில் கவிழ்ப்பவர்கள் மேலே ஒரு கனமான கல்லை வைக்கத் தவற வேண்டாம். தெருநாய்கள் கூட்டமாக வந்தால் பகலிலும் எந்தச் சேவலாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வேலிதான் காவல்.

எத்தனை சேவல்?

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். ஐந்தாறு பெட்டைகளுக்கு இரண்டு மூன்று சேவல்களை விட்டால் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து தோல் தெரியும்; அவை மேயாமல் ஒளிந்து திரியும்; முட்டையையும் எங்காவது புதரில் இட்டு வைக்கும். அதிகப்படியான சேவல்களை விற்பதில் தவறே இல்லை, விற்கத்தான் வேண்டும். கடைசிச் சேவலை விற்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடைசிச் சேவலை விற்றபின் கருவுள்ள முட்டை எத்தனை நாள் கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏறக்குறைய பத்து நாள் வரை நன்றாகவே கிடைக்கும். பிறகு குறைந்துகொண்டே போய், மூன்று வாரத்துக்குப் பின் அநேகமாக இராது. புதுச் சேவலை விட்டால் ஒரு வாரம் கழித்து இடும் முட்டைகளை அடைக்கு எடுக்கலாம். நாட்டுக் கோழி ஆண்டுக்கு இடுவதே 60 முதல் 80 முட்டைதான். கூமுட்டையில் அடை படுத்த கோழிக்கு முட்டைகள் மட்டுமல்ல, மூன்று வாரமும் வீண். அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் சிவந்த நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெட்டை முட்டை இடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்காமல், முட்டையை மட்டும் விற்பவர்களுக்குச் சேவல் இல்லாத கூட்டத்தின் முட்டை கோடையில் கெடாமல் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் மேயவிட்டு வளர்ப்பவர்கள் காவலையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நல்ல சேவலை எப்படி அறிவது?

கொண்டையின் சிவப்பையும் உடம்பின் எடையையும் மட்டும் பார்த்துச் சேவலை வைத்துக்கொள்வது வழக்கம். காவலுக்கு அது போதாது. ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு புழுவோ தானியமோ கிடைத்தால் தானே விழுங்காமல், அதைக் கொத்தித் தூக்கிக் கீழே போட்டு, ‘டுக் டுக்’ என்று பெட்டைகளை அழைக்கிறதா? மேலே காக்கை பறந்தாலும் தலையைச் சாய்த்துக் கவனிக்கிறதா? கூட்டத்தை விட்டுத் தனியே போகாமல் இருக்கிறதா? இவை நல்ல அடையாளங்கள். குரல் கொடுக்காமல் தான் மட்டும் முதலில் ஓடி ஒளியும் சேவலும் உண்டு. அதைத் தாராளமாக ஆடிக்கு விற்கலாம்.

ஆறேழு மாத இளஞ்சேவலிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வயதில் அதற்குக் காவலைவிடப் பெட்டைகளைத் துரத்துவதிலேயே கவனம் இருக்கும். மூத்த கோழிகளுடன் சேர்ந்து வளர்ந்த சேவல் ஓராண்டு ஆனபின் பக்குவப்படுகிறது. ஆகவே பழைய சேவல் இருக்கும்போதே அடுத்ததற்கு ஒன்றைத் தேர்ந்து வளர்த்து வர வேண்டும். இரண்டில் எது தலைமை என்பதை விடியற்காலையில் அறியலாம். தலைமைச் சேவலே முதலில் கூவும், மற்றவை அதன் பின்னர்தான் கூவும் என்று ஜப்பானில் 2015-ல் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். பெருவிடைச் சேவல்களானால் இரண்டை ஒன்றாக விடுவது கடினம். ஒன்று சாகும் வரை சண்டை நடக்கும். சிறுவிடையில் அவ்வளவு தொல்லை இல்லை.

மனிதர்மேல் பாயும் சேவலைக் காவலுக்கு நல்லதென்று சிலர் பெருமையாக வைத்திருக்கிறார்கள். இது தவறு. சேவலின் கால்முள் சிறு குழந்தையின் கண் உயரத்துக்கு எழும்பும். அடித்துத் திருத்தப் பார்த்தால் அதற்கு ஆத்திரம் கூடுமே தவிரக் குறையாது. அப்படிப்பட்டதை வைத்துக்கொள்ள வேண்டாம்; அதன் குஞ்சுகளிலிருந்து அடுத்த சேவலைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம்.

நல்ல சேவல் இரையைப் பெட்டைகளுக்கு விட்டுவிட்டுத் தான் மெலிந்து போவதைப் பார்க்கலாம். மாலையில் அடைக்கும்போது தனியே பிடித்து ஒரு கைப்பிடி கம்போ சோளமோ போடுங்கள். நெஞ்செலும்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்பட்டால் தீவனம் போதவில்லை அல்லது குடற்புழு இருக்கிறது என்று பொருள்.

சேவலை மாற்றும்போது

ஒரே சேவலைப் பல ஆண்டு வைத்து, அதன் மகள்களுடனேயே சேரவிட்டால் பொரிப்பும் குறையும், குஞ்சுகளும் நோஞ்சானாகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து ஊரில் உறவினரிடம் சேவலை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி. சந்தையில் வாங்கினால் மட்டும் எச்சரிக்கை தேவை. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. வாங்கி வந்த சேவலை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, எச்சத்தையும் மூச்சையும் கவனித்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடுவதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

புதுச் சேவலைப் பகலில் திடீரென உள்ளே விடாதீர்கள். இருட்டியபின், கோழிகள் அடைந்த பிறகு கூட்டில் ஏற்றிவிட்டால் காலையில் சண்டை குறைவாக இருக்கும். பெட்டைகள் அதை ஏற்று, அதன் குரலுக்கு ஓடத் தொடங்கச் சில நாள் பிடிக்கும். அந்த நாட்களில் குஞ்சுள்ள கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தே வைத்திருப்பது நல்லது.