'ஏழு கோடி'ன்னா புதுக்கோட்டையே காணாமப் போகுது! பெரிய எண்களை ரவுண்ட் பண்றது எப்படி?



தமிழ்நாட்டு மக்கள்தொகை எவ்வளவுன்னு கேட்டா, "ஏழு கோடி"ன்னு சட்டுனு சொல்லிடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சரியான எண் 7,21,47,030. ஏழு கோடின்னு சொன்னதும் கணக்கிலிருந்து விழுந்தவங்க 21,47,030 பேர்.

அதே கணக்கெடுப்புல நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தோட மொத்த மக்கள்தொகை 16,18,345. அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், பொன்னமராவதி, விராலிமலைன்னு மாவட்டத்தையே தூக்கிப் போட்டாலும், இன்னும் 5 லட்சம் பேர் பாக்கி இருக்காங்க!

பேச்சுக்கு ஏழு கோடி போதும். ஆனா இதே பழக்கத்தோட வீட்டுக் கடன் கணக்குப் போட்டா கதை வேற. அதனால அடிப்படையை ஒரு தடவை பார்த்துடுவோம்.

முதல்ல இட மதிப்பு

16,18,345-ஐ வலது பக்கத்திலிருந்து படிங்க:

5 – ஒன்று
4 – பத்து
3 – நூறு
8 – ஆயிரம்
1 – பத்தாயிரம்
6 – லட்சம்
1 – பத்து லட்சம்

சில ஆப்கள்ல இதே எண் 1,618,345-னு தெரியும். கமா இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். எண் ஒண்ணுதான், பதற வேண்டாம்.

ரவுண்ட் பண்ற மூணு படி

1. எந்த இடத்துக்கு ரவுண்ட் பண்ணணும்னு முடிவு பண்ணுங்க.
2. அதுக்கு அடுத்த வலது பக்க இலக்கத்தை மட்டும் பாருங்க. 5 அல்லது அதுக்கு மேலன்னா ஒண்ணு கூட்டுங்க. 4 அல்லது அதுக்குக் கீழன்னா அப்படியே விடுங்க.
3. வலது பக்கம் இருக்கிற எல்லாத்தையும் பூஜ்யம் ஆக்குங்க.

16,18,345-ல போட்டுப் பார்ப்போம்:

ஆயிரத்துக்கு: அடுத்த இலக்கம் 3. விடை 16,18,000.
பத்தாயிரத்துக்கு: அடுத்த இலக்கம் 8. விடை 16,20,000.
லட்சத்துக்கு: அடுத்த இலக்கம் 1. விடை 16,00,000.

மூணுமே சரியான விடைதான். எது நமக்கு உதவும்ங்கிறதுதான் கேள்வி.

இங்க ஒரு தப்பு நிறைய பேர் பண்றாங்க

கடன் பாக்கி 24,47,500 ரூபாய்னு வச்சுக்குவோம். லட்சத்துக்கு ரவுண்ட் பண்ணா, பத்தாயிரம் இடத்துல 4 இருக்கு. விடை 24 லட்சம். ஆனா ஒருத்தர் முதல்ல 24,50,000-னு ரவுண்ட் பண்றார். அதைக் கேட்ட இன்னொருத்தர் 25 லட்சம்னு ரவுண்ட் பண்றார். ஒரே எண், ரெண்டு விடை! எப்பவும் அசல் எண்ணிலிருந்து ஒரே தடவைதான் ரவுண்ட் பண்ணணும்.

இப்போ நம்ம பாக்கெட்டுக்கு வருவோம்

புதுக்கோட்டையில வீடு கட்ட 25 லட்சம் கடன். வட்டி 8.5%, 20 வருஷம்னு வச்சுக்குவோம். மாசத் தவணை சுமார் 21,696 ரூபாய்.

"சரி, இருபதாயிரம்"னு மனசுல போட்டுக்கிட்டா, 240 மாசத்துக்கு 48,00,000. உண்மையில கட்டப்போறது 52,07,040. இடையில 4,07,040 ரூபாய் வித்தியாசம். மாசம் 38,640 ரூபாய் கைக்கு வர்ற ஒருத்தருக்கு இது பத்து மாசச் சம்பளத்துக்கும் மேல! தவணையில விட்டது வெறும் 1,696 ரூபாய்தான். அதை 240-ஆல பெருக்குனப்போதான் இவ்வளவு பெருசாச்சு.

அதனால பெருக்குறதுக்கு முன்னாடி ரவுண்ட் பண்ணாதீங்க. முதல்ல பெருக்குங்க; 52,07,040 வந்த பிறகு "சுமார் 52 லட்சம்"னு சொல்லுங்க.

பட்ஜெட் போடும்போது மட்டும் இன்னொரு வழி இருக்கு. செலவை மேல ஏத்துங்க, வரவைக் கீழ இறக்குங்க. தவணை 21,696-ஐ 22,000-னு எழுதுங்க. சம்பளம் 38,640-ஐ 38,000-னு எழுதுங்க. இது பள்ளிக்கூட விதி இல்லை, பாதுகாப்புக்காக நாமளே வச்சுக்கிற விதி. கணக்கு கொஞ்சம் தப்பினாலும் மாசக் கடைசியில கையில நாலு காசு இருக்கும்.

அரசாங்கமும் ரவுண்ட் பண்ணுது

வருமான வரிச் சட்டம், மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணச் சொல்லுது. 6,84,327 ரூபாய்னா 6,84,330. 6,84,324 ரூபாய்னா 6,84,320. லட்சக்கணக்கான ரூபாய்ல இங்க மாறுறது அதிகபட்சம் 5 ரூபாய்தான். நம்ம தவணைக் கணக்குல விட்டது ஆயிரக்கணக்குல!

அடுத்த தடவை யாராவது "சுமாரா இவ்வளவு வரும்"னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த இடத்துக்கு ரவுண்ட் பண்ணீங்க?" விட்டுப்போன தொகை உங்களுக்குச் சின்னதா பெருசான்னு அப்புறம் நீங்களே முடிவு பண்ணலாம்.

இன்னைக்கே உங்க கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பாக்கித் தொகையை ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் ரவுண்ட் பண்ணிப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!