கைத்தொலைபேசியில் வாங்கும் பொருளுக்கும் வரி உண்டா?



மண்சரிவு அபாயத்தால் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். புதிய இடத்தில் மீண்டும் பயிரிட மருந்து தெளிக்கும் கருவி வேண்டும். மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து 5,000 ரூபாய்க்கு ஒன்றைக் கேட்கிறார்கள். பொதியைக் கொண்டுவந்தவர் 5,900 ரூபாய் கேட்கிறார்.

"தம்பி, அஞ்சாயிரம்னுதானே போட்டிருந்தாங்க?"

"அதுக்கு மேல வற் இருக்கு அக்கா."

900 ரூபாய் என்பது அரை நாளுக்குக் குறையாத உழைப்பு. இதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

1. இது என்ன வரி?

பொருளையோ சேவையையோ விற்கும்போது அறவிடப்படும் வரி நமக்குப் புதியதல்ல. முன்பு புரள்வு வரி என்ற பெயரில் இருந்தது. 1998 ஏப்ரல் 1 இல் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்தது. இதையே "வற்" என்கிறோம். 2019 டிசம்பரில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட இவ்வரி, 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 இல் 18 சதவீதம் என உயர்ந்தது. அதே நாளில் பசளை, சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி போன்றவையும் வரிக்குள் வந்தன.

2. யார் அறவிடலாம்?

கடையில் வாங்கினாலும் இணையவழியில் வாங்கினாலும் சட்டம் ஒன்றே. இணையத்தில் வாங்குவதற்கென்று தனி வரியும் இல்லை, விலக்கும் இல்லை. விற்பவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வற் வரிக்குப் பதிவு செய்தவரா என்பதே கேள்வி. பதிவு செய்யாதவர் இந்த வரியை அறவிடக் கூடாது. மொத்த வியாபாரியிடம் தாம் கொடுத்த வரியை அவர் தம் விலைக்குள் அடக்கியிருக்கலாம், அது வேறு. "வற்" என்று தனியாக எழுதி உங்களிடம் வாங்க முடியாது.

பதிவு செய்தவருக்கு இலக்கம் ஒன்று உண்டு. அது 7000 என்று முடியும். பற்றுச்சீட்டில் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள்.

3. கணக்கைச் சரிபாருங்கள்

5,000 ரூபாய்க்கு 18 சதவீதம் 900 ரூபாய். மொத்தம் 5,900. ஆனால் விலை "வரி உட்பட 5,900" என்றிருந்தால், அதன் மேல் இன்னொரு 18 சதவீதம் சேர்க்க முடியாது. வரி ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அது எவ்வளவு என்று அறிய, மொத்தத்தை 118 ஆல் பிரித்து 18 ஆல் பெருக்குங்கள்.

4. வெளிநாட்டிலிருந்து வருபவை

வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொருளுக்குச் சுங்கத்தில் இவ்வரி அறவிடப்படுகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் இணையவழியில் தரும் சேவைகளையும் வரிக்குள் கொண்டுவர 2025 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் 2025 ஒக்டோபர் 1 என்று குறிக்கப்பட்ட தொடக்க நாள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது, வரி அனுப்புங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் நம்பிவிடாதீர்கள். அரசின் வரி தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போவதில்லை.

5. நாமே விற்றால்?

இஞ்சி, மிளகு, தையல் உடைகள் ஆகியவற்றைச் சிலர் கைத்தொலைபேசி மூலம் விற்கிறார்கள். வரிக்குப் பயந்து இதைக் கைவிட வேண்டாம். 2024 ஜனவரியில், பதிவு செய்யக் கட்டாயமான எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் விற்பனை என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. எதுவானாலும் சிறு குடும்பங்களின் விற்பனை அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். ஆனால் நாமும் "வற்" என்று சொல்லிப் பிறரிடம் பணம் வாங்கக் கூடாது.

6. என்ன செய்யலாம்?

கேட்பதற்கு முன்பே, "இது வரி உட்பட்ட விலையா? அனுப்பும் கூலி எவ்வளவு?" என்று எழுதிக் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வரி பற்றிய சந்தேகங்களுக்கு இறைவரித் திணைக்களத்தை 1944 இலும், விலை பற்றிய முறைப்பாடுகளுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 இலும் அழைக்கலாம்.

வருமான வரி கட்டாதவர்களும் வரி கட்டாதவர்கள் அல்லர். வாங்கும் பொருளின் வழியாக நாமும் நாட்டின் செலவுக்குப் பங்களிக்கிறோம். எனவே வீதி, வைத்தியசாலை, பாதுகாப்பான காணி ஆகியவற்றைக் கேட்பது சலுகை கேட்பதல்ல, உரிமை கேட்பதே.

குழுவில் கலந்துரையாட:

1. கடந்த மாதம் கைத்தொலைபேசி மூலம் வாங்கியவற்றுள் எத்தனைக்குப் பற்றுச்சீட்டு கிடைத்தது?

2. பற்றுச்சீட்டில் "வற்" என்று இருந்தால், இலக்கமும் இருந்ததா?

3. செல்வந்தரும் தொழிலாளியும் ஒரே 18 சதவீதம் கொடுக்கிறார்கள். இது யாருக்குப் பாரம்? ஏன்?