பேசும் கித்தார்

கித்தார் பயிலத் தொடங்கும் இளையர் பலருக்கு ஓர் ஆசை உண்டு. விரல்கள் தந்திகளின்மீது மின்னல் வேகத்தில் ஓட வேண்டும் என்பதே அது. மாதக் கணக்கில் முயன்று அந்த வேகத்தை எட்டியும் விடுகிறார்கள். ஆயினும், கேட்பவர் மனம் அசைவதில்லை. சுரங்கள் பிழையின்றி ஒலித்தும் ஏதோ ஒன்று குறைகிறது. அந்தக் குறை என்ன? புளூஸ் இசையைக் கற்பவர்கள் இதற்கு விடை காண்கிறார்கள்.

புளூஸ், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இசை. அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பின்னரும் அவர்களுள் பலர் பருத்தி வயல்களில் குறைந்த கூலிக்கு உழைத்தனர். வேலையின்போது ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். தேவாலயங்களிலும் இதே வழக்கம் இருந்தது. அழைப்பும் பதிலுமாக அமைந்த இந்த உரையாடலே புளூஸ் இசையின் உயிர்நாடி ஆயிற்று.

புளூஸ் பாடல்கள் பலவற்றின் அமைப்பு எளிமையானது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என நான்கு தட்டுகளை எண்ணினால் அஃது ஓர் அலகு. பன்னிரண்டு அலகுகள் சேர்ந்தால் ஒரு சுற்று. பாடகர் முதல் அடியைப் பாடுவார். அதையே மீண்டும் பாடுவார். மூன்றாவது அடியில் அதற்கு முடிவு சொல்வார். ஒவ்வோர் அடிக்கும் நான்கு அலகுகள் உண்டு. ஆனால், பாடகரின் குரல் ஏறத்தாழ இரண்டு அலகுகளிலேயே நின்றுவிடும். எஞ்சிய இடத்தில் கித்தார் பதில் சொல்லும்.

இந்தப் பதிலை அழகாகச் சொன்னவர்களுள் ஒருவர் பி.பி. கிங். இவர் 1925ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார்; பருத்தி வயலில் வேலை செய்தார். பின்னர் மெம்பிஸ் நகருக்குச் சென்று வானொலியில் பாடல்களை ஒலிபரப்பும் பணியில் சேர்ந்தார். அங்குக் கிடைத்த ‘புளூஸ் பாய்’ என்ற பட்டப்பெயரே ‘பி.பி.’ எனச் சுருங்கியது.

கிங்கின் உறவினர் புக்கா வைட் ஒரு கித்தார் கலைஞர். அவர் தந்திகளின்மீது உருளை ஒன்றை வழுக்கிச் செல்லவிட்டு, மனிதர் அழுவது போன்ற ஒலியை எழுப்புவார். கிங்குக்கு அந்த ஒலி மிகவும் பிடித்திருந்தது. ஆனால், எவ்வளவு முயன்றும் உருளை அவர் கைக்கு வசப்படவில்லை. அவர் மனம் தளர்ந்துவிடவில்லை. தந்தியை விரலால் அழுத்தி, கையை விரைந்து அசைத்துப் பார்த்தார். சுரம் நடுங்கியது, குரலைப் போல ஒலித்தது. இயலாமையிலிருந்து பிறந்த அந்த நடுக்கமே பிற்காலத்தில் அவருடைய அடையாளமாயிற்று. பாடிக்கொண்டே கித்தார் வாசிக்கவும் அவருக்கு வராது. ஆகவே, ஓர் அடியைப் பாடிவிட்டு நிறுத்துவார். பிறகு கித்தாரைப் பேசவிடுவார்.

கிங் பல சுரங்களை அள்ளி இறைப்பதில்லை. நான்கைந்து சுரங்களை இசைத்துவிட்டு அமைதி காப்பார். அந்த அமைதி வெற்றிடம் அன்று. கேட்பவர் முன்பு சொன்னதை உள்வாங்கவும், அடுத்து வருவதை எதிர்பார்க்கவும் அது நேரம் தருகிறது. கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இல்லாமல் எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு துன்பப்படுகிறோம்! இடைவெளி இல்லாத இசையும் அத்தகையதே.

சுரம் எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். ஒரே மூன்று சுரங்களை முதல் தட்டிலேயே தொடங்கினால் அவை உறுதியாக ஒலிக்கும். சற்றுத் தாமதித்துத் தொடங்கினால் தயங்கிப் பேசுவது போல ஒலிக்கும். சுரம் எவ்வாறு ஒலிக்கிறது என்பதும் பொருளை மாற்றும். ‘வா’ என்ற ஒரே சொல்லைத் தாய் அன்போடு அழைக்கவும் சொல்லலாம். எதிரி சண்டைக்கு அழைக்கவும் சொல்லலாம். புளூஸ் கலைஞர்கள் தந்தியை விரலால் சற்றே வளைத்து, இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலியை எழுப்புவார்கள். சோகமா மகிழ்ச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியாத உணர்வு அதில் வெளிப்படும்.

இதனைக் கற்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முதலில் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, தாளத்தைக் காலால் தட்டியவாறு ஒரு சிறு அடியை வாயால் பாட வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பிறகு, அதே அடியைக் கித்தாரில் வாசித்து, மூச்சு வாங்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்றே சுரங்களைக் கொண்டு ஒரு சுற்று முழுவதையும் வாசிப்பது அடுத்த படி. சுரங்கள் குறையும்போது, தாளமும் இடைவெளியும் வேலை செய்யத் தொடங்கும்.

1964ஆம் ஆண்டு சிகாகோ நகரின் ரீகல் அரங்கில் கிங் படைத்த நிகழ்ச்சி இசைத்தட்டாகப் பதிவு செய்யப்பட்டது. கித்தார் ஓய்ந்த இடங்களில் மக்கள் எழுப்பும் ஆரவாரத்தை அதில் கேட்கலாம். அழைப்பு மேடையிலிருந்து வந்தது. பதிலை மக்களே தந்தனர். கிங் 2015ஆம் ஆண்டு தமது 89ஆம் வயதில் மறைந்தார். எவ்வளவு வாசிக்கிறோம் என்பதைவிட, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எங்கே நிறுத்துகிறோம் என்பதே கலை என்பதை அவர் வாசிப்பு இன்றும் உணர்த்துகிறது. இது மேடைப் பேச்சுக்கும் பொருந்தும் அல்லவா?

அருஞ்சொற்பொருள்
உயிர்நாடி – அடிப்படையான ஆதாரம்
வசப்படுதல் – கட்டுக்குள் வருதல்
ஆரவாரம் – மகிழ்ச்சிப் பேரொலி

கருத்துணர் வினாக்கள்
1. புளூஸ் பாடலின் ஒரு சுற்று எவ்வாறு அமைந்துள்ளது?
2. கிங்கின் இயலாமை அவருக்கு எவ்வாறு நன்மையாக முடிந்தது?
3. ‘அந்த அமைதி வெற்றிடம் அன்று’ – இக்கூற்றை விளக்குக.
4. மேடையில் பேசும்போது நீ எங்கெங்கு நிறுத்துவாய்? காரணம் கூறுக.